நகத்தில் ஒரு கறுப்புக் கோடு

ஷூவைக் கழற்றும்போதோ நகப்பூச்சை அழிக்கும்போதோ ஒரு நாள் அது கண்ணில் படுகிறது. நகத்தில் கறுப்பாக ஏதோ இருக்கிறது. தேய்த்தால் போகவில்லை. வலியும் இல்லை. வீட்டில் காட்டினால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எங்கேயோ இடித்து ரத்தம் கட்டியிருக்கும் என்பார் ஒருவர். உடம்பில் சத்து இல்லை என்பார் இன்னொருவர். நகச்சொத்தை என்று ஒரு கட்சி, சாப்பிடுகிற மாத்திரைதான் காரணம் என்று ஒரு கட்சி. கைபேசியில் தேடினாலோ புற்றுநோய் என்ற சொல் முதல் வரியிலேயே வந்து நிற்கிறது.

இவற்றில் ஒன்றுகூட வெறும் கற்பனை இல்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய நகத்தில் மெய்யாகவே நடப்பதுதான். ஒரே கறுப்புக்கு இத்தனை காரணங்கள் இருந்தால், நம் நகத்தில் இருப்பது எது என்று எப்படிப் பிரித்தறிவது? நிறத்தை உற்றுப் பார்த்துப் பெரிதாகப் பயனில்லை. உறைந்த ரத்தமும் கறுப்பு, நிறமியும் கறுப்பு, பூஞ்சையும் சில சமயம் கறுப்பு. பார்க்க வேண்டியது வேறு: அந்தக் கறுப்பு நகத்தின் எந்த அடுக்கில் இருக்கிறது, நகம் வளரும்போது அதுவும் கூடவே நகர்கிறதா, நகர்ந்தால் என்ன வேகத்தில்? இதைப் புரிந்துகொள்ள நகம் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

மருதாணி செய்து காட்டும் சோதனை

மருதாணி இட்டுக்கொண்ட கையை எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளங்கைச் சிவப்பு ஓரிரு வாரத்தில் மங்கிவிடும். நகத்தில் பிடித்த சிவப்பு மட்டும் மாதக்கணக்கில் இருக்கும். ஒரு மாதம் கழிந்தால் நகத்தின் அடியில், தோலை ஒட்டி, சாயம் ஏறாத பிறை வடிவம் தெரியத் தொடங்கும். பிறகு அது அகலமாகிக்கொண்டே போகும். கடைசியில் சிவப்பு நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்து, நகவெட்டியோடு போய்விடும்.

மருதாணிச் சாயம் கெராட்டின் என்ற புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. உள்ளங்கைத் தோலின் மேலடுக்கிலும் கெராட்டின் உண்டு. ஆனால் அந்த அடுக்கு நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருப்பதால் சாயமும் உதிர்கிறது. நகம் உதிர்வதில்லை. கெராட்டின் நிறைந்த இறந்த செல்கள் அடுக்கடுக்காக அழுந்தி ஒட்டிய தகடு அது. கண்ணுக்குத் தெரியும் அந்தக் கடினமான பாகத்தை நகத்தகடு என்போம். அது படிந்து கிடக்கும் இளஞ்சிவப்புச் சதை நகப்படுகை. தகட்டை உற்பத்தி செய்யும் இடமோ நகத்தின் அடிப்பக்கத்தில், தோல்மடிப்புக்குள் பெரும்பாலும் மறைந்திருக்கிறது. அதை நகவேர் என்று அழைப்போம். கட்டைவிரலில் வெண்ணிறமாகத் தெரியும் பிறை, நகவேரின் வெளியே எட்டிப் பார்க்கும் பகுதி.

நகவேரில் உயிருள்ள செல்கள் இடைவிடாமல் பிரிகின்றன. புதிதாகப் பிறந்தவை பழையவற்றை முன்னால் தள்ளுகின்றன. தள்ளப்பட்டவை தட்டையாகி, கடினமாகி, இறந்து, தகட்டோடு சேர்ந்துவிடுகின்றன. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது. கால்விரல் நகத்துக்கு அதில் பாதி வேகம்தான், ஏறத்தாழ 1.5 மி.மீ. ஆகவே கைவிரல் நகம் முழுவதும் புதிதாக முளைக்க நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரலுக்கு ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்.

இந்த வேகத்தை மிகப் பொறுமையாக அளந்தவர் வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர். தன் இடது கட்டைவிரல் நகத்தின் அடியில் மாதம்தோறும் சின்னக் கீறல் போட்டு, அது நுனிக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகிறது என்று 35 ஆண்டுகள் குறித்துவந்தார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மி.மீ. வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மி.மீ.தான் வளர்ந்தது. வயதாக ஆக நகத்தின் நடையும் தளர்கிறது. 1980-இல் அவர் வெளியிட்ட அந்தக் கட்டுரைக்கு ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு விரலும் ஒரு நாட்குறிப்பும் போதுமானதாக இருந்தன. அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் அதுவும் ஒன்று.

தறியில் ஒரு கறுப்பு இழை

தறியில் நெய்த துணி முன்பக்கமாக மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு சொட்டு மை விழுந்தால், அந்தக் கறை துணியோடு சேர்ந்து நகர்ந்து போய்விடும். பின்னால் வருவது சுத்தமான துணி. ஆனால் பாவு நூலிலேயே ஒரு கறுப்பு இழை சேர்ந்துவிட்டால்? துணி எத்தனை முழம் நெய்தாலும் அத்தனை முழத்துக்கும் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். நுனியை வெட்டி எறிந்தாலும் கோடு போகாது. கோட்டின் மூலம் தறியில் இருக்கிறது.

நகத்தின் கறுப்புகளையும் இப்படி இரண்டாகப் பிரித்துவிடலாம். தகட்டின்மேலோ தகட்டின் அடியிலோ எப்போதோ ஒருமுறை ஒட்டிக்கொண்டவை ஒரு வகை. மருதாணி, முடிச்சாயம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலின் பழுப்பு, அடிபட்டுக் கசிந்த ரத்தம் எல்லாம் இதில் சேரும். அவை நகத்தோடு நகர்ந்து வெளியேறும். பின்னால் தெளிவான நகம் வரும். நகவேரே தகட்டை நெய்யும்போது கறுப்பைச் சேர்த்து அனுப்பினால் அது இரண்டாவது வகை. அடித்தோலில் தொடங்கி நுனிவரை இடைவெளி இல்லாத கோடு அங்கே தெரியும்.

முதல் கேள்வி ஆகவே மிக எளியது. கறுப்புக்கும் நகத்தின் அடித்தோலுக்கும் நடுவே தெளிவான நகம் இருக்கிறதா, இல்லையா?

கன்னிப்போன விரல்

முழங்கால் இடித்துக்கொண்டால் அந்த இடம் முதலில் சிவந்து, நீலம் பாய்ந்து, பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் மறைந்துவிடுகிறது. அதே அடி நகத்தில் பட்டால் கறுத்தது கறுத்தபடி மாதக்கணக்கில் நிற்கிறது. ஏன்?

தோலுக்கடியில் சிந்திய ரத்தத்தைத் துப்புரவு செய்ய விழுங்கு செல்கள் வருகின்றன. அவை சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினைச் சிதைக்கும்போது முதலில் பச்சை நிறப்பொருளும் பிறகு மஞ்சள் நிறப்பொருளும் உண்டாகின்றன. காயத்தில் நாம் பார்க்கும் வண்ணங்கள் அந்தத் துப்புரவு வேலையின் படிநிலைகள். நகத்தடியில் கசிந்த ரத்தமோ தகட்டின் அடிப்பரப்பில் ஒட்டி உலர்ந்துவிடுகிறது. உயிரில்லாத தகட்டுக்குள் விழுங்கு செல்கள் வந்து சேர வழியில்லை. ஆகவே ரத்தம் அப்படிச் சிதையாமல், கருத்த நிலையிலேயே தங்குகிறது. அதை அகற்றுவது நகத்தின் வளர்ச்சி ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கலும் உண்டு. பழைய ரத்தத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் நீலச் சாயம், விழுங்கு செல்கள் உருவாக்கும் இரும்புப் பொருளைத்தான் காட்டிக்கொடுக்கும். நகத்தில் அந்தப் பொருளே உண்டாவதில்லை. அதனால் நகத்துணுக்கில் ரத்தம் இருந்தும் சோதனை ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். விவரம் தெரிந்த நோயியல் மருத்துவர் ஹீமோகுளோபினையே நேராகக் கண்டறியும் வேறு சோதனையைக் கேட்பார்.

கதவிடுக்கில் மாட்டிய விரல் தெறிப்பதற்குக் காரணமும் இதே மூடிய அமைப்புதான். மேலே வளையாத தகடு, கீழே எலும்பு, நடுவில் பெருகும் ரத்தம். போக இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. மருத்துவமனையில் தகட்டில் சூடான ஊசியால் ஒரு துளை போடுவார்கள். ரத்தம் வெளியேறியதும் வலி சட்டென்று குறையும். தகட்டுக்கு நரம்பு கிடையாது, ஆகவே துளையிடுவதே வலிப்பதில்லை. அடியில் எலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அடிபட்டு ஓரிரு நாளைக்குப் பிறகு ரத்தம் உறைந்துவிட்டால் துளை போட்டும் பயனில்லை.

அடி பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓட்டக்காரர்களுக்கும், முன்பக்கம் இறுகிய ஷூ அணிபவர்களுக்கும் பெருவிரல் நகம் ஒவ்வொரு அடிக்கும் ஷூவில் மோதுகிறது. எப்போது கன்னியது என்றே தெரியாது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வலிக்காததால் இடித்ததே தெரிவதில்லை. கறுத்த நகம்தான் முதல் தகவல். அவர்கள் நகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல் பாதம் முழுவதையும் காட்டிவிடுவது நல்லது.

பச்சையும் பழுப்பும்

கிருமிகளால் வரும் கருமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாளெல்லாம் தண்ணீரில் கை வைத்திருப்பவர்களுக்கு நகத்தகடு படுகையிலிருந்து சற்றுத் தூக்கிக்கொள்ளும். அந்த ஈரமான இடுக்கில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறினால் அதன் நிறப்பொருளால் நகம் கரும்பச்சையாகத் தோன்றும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பச்சைச் சாயல் தெரியும். ரத்தமோ நிறமியோ அப்படித் தெரிவதில்லை. பூஞ்சையால் வரும் நகச்சொத்தையில் பெரும்பாலும் மஞ்சளும் பழுப்பும்தான், ஆனால் சில பூஞ்சைகள் தாமே மெலனினை உற்பத்தி செய்து நகத்தைக் கறுக்க வைக்கும். அப்போது தகடு தடித்து, நொறுங்கி, கறை ஒழுங்கில்லாமல் படர்ந்திருக்கும். நகத்துணுக்கைச் சுரண்டிச் சோதித்தால் தெரிந்துவிடும். சோதிக்காமல் மாதக்கணக்கில் பூஞ்சை மாத்திரை சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பூஞ்சை இல்லாத நகத்துக்கு அது எதையும் செய்யாது. சரியான காரணத்தைத் தேட வேண்டிய நாட்கள்தான் வீணாகும்.

நிறமிச் செல்கள் விழித்துக்கொள்ளும்போது

நம் தோலின் நிறத்துக்குக் காரணமான மெலனினைத் தயாரிப்பவை நிறமிச் செல்கள். தோலில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1,150 நிறமிச் செல்கள் இருக்கின்றன. நகவேரிலும் அவை உண்டு, ஆனால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 200 மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை உறங்கிக் கிடக்கின்றன. மாநிறத் தோல்காரருக்கும் நகம் நிறமற்று இருப்பது இதனால்தான்.

அவற்றில் ஒரு கூட்டம் விழித்து வேலை செய்யத் தொடங்கினால் மெலனின் தகட்டுக்குள் சேர்ந்து நீளவாக்கில் ஒரு கோடு உருவாகிறது. கறுப்பினத்தவரில் 20 வயதைக் கடந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு இத்தகைய கோடு ஒன்றாவது இருக்கிறது. ஜப்பானியரில் பத்து முதல் இருபது சதவீதம் பேருக்கு. வெள்ளையரிடம் அரிது. நம் ஊரிலும் கருத்த மேனிக்காரர்களின் விரல்களைக் கவனித்தால் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் தெரியும். வயது ஏற ஏற அவை கூடும். ஒரே மாதிரியான மெல்லிய கோடுகள் பல விரல்களில் இருப்பது பெரும்பாலும் உடம்பின் இயல்பு. அதற்கு மருந்தும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்.

செல்களை விழிக்க வைப்பவை பல. கால் சுண்டுவிரல் நகத்தில் செருப்பு வார் ஓயாமல் உரசுவது, நகம் கடிக்கும் பழக்கம், கர்ப்பம், அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்யாத அடிசன் நோய். பி12 வைட்டமின் குறைவும் ஒன்று. பால், முட்டை, மீன், இறைச்சி வழியாகவே இயல்பாகக் கிடைக்கும் இந்த வைட்டமின் குறைந்தால், விரல் முட்டிகளிலும் உள்ளங்கையிலும் நகங்களிலும் கருமை படரலாம். சத்துக் குறைவு என்று வீட்டில் சொல்வது இந்த இடத்தில் சரியாகவே பொருந்துகிறது. பி12 கொடுத்ததும் நகவேரிலிருந்து தெளிவான நகம் வரத் தொடங்கும். பழைய கருமை முன்னால் தள்ளப்பட்டு மாதங்களில் வெளியேறும்.

மருந்துகளும் உண்டு. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் சிடோவுடின், சில புற்றுநோய் மருந்துகள், மினோசைக்ளின் ஆகியவை தெரிந்த உதாரணங்கள். கீமோ எடுத்துக்கொள்ளும் சிலரின் நகங்களில் கோடுகள் குறுக்குவாட்டில் விழுவதைப் பார்க்கலாம். மருந்து ஏற்றிய ஒவ்வொரு முறையும் நகவேர் சில நாட்கள் நிறமியை அதிகம் சேர்க்கிறது, பிறகு நிறுத்திவிடுகிறது. கைவிரல் நகம் நாளுக்குச் சுமார் 0.1 மி.மீ. வளர்வதால், 21 நாள் இடைவெளியில் மருந்து ஏற்றியவருக்குப் பட்டைகள் ஏறத்தாழ 2 மி.மீ. தள்ளித் தள்ளி இருக்கும். மருந்துச்சீட்டு தொலைந்திருந்தாலும் எத்தனை சுற்று முடிந்தது என்று விரலில் எண்ணிவிடலாம். சிகிச்சை முடிந்ததும் இவையும் வளர்ந்து போய்விடும் என்பதை நோயாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிக் கவலை குறையும்.

ஒரு பெருவிரலைப் படித்துப் பார்ப்போம்

இனி ஒரே ஒரு விரலை எடுத்துக்கொண்டு முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயது ஐம்பத்தைந்து, காலையில் நடைப்பயிற்சி போகிறவர். வலது கால் பெருவிரல் நகத்தில் கறுப்பு. அடிபட்ட நினைவில்லை. நகத்தின் நீளம் 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் அவர் செய்ய வேண்டியது, பள்ளிக்கூட ஸ்கேலை விரலருகே வைத்து, பகல் வெளிச்சத்தில், நகத்தைச் சுற்றியுள்ள தோலும் தெரியும்படி படம் எடுப்பது. கறையின் பின்விளிம்பு அடித்தோலிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் கழித்து அதேபோல இன்னொரு படம்.

கால் நகம் மாதத்துக்கு 1.5 மி.மீ. என்றால் இரண்டு மாதத்தில் 3 மி.மீ. நகர வேண்டும். பின்விளிம்பு இப்போது 4 மி.மீ. தள்ளி இருந்தால், கறை நகத்தோடு பயணம் செய்கிறது. பின்விளிம்பு பிறையின் வளைவைப் போலவே வளைந்து, அதற்குப் பின்னால் தெளிவான நகம் தெரிந்தால் ரத்தம் என்பதற்கான வாய்ப்பு மிகுதி. இன்னும் ஒன்றும் கணக்கிடலாம். முதல் படத்தில் 1 மி.மீ. தெளிவான நகம் ஏற்கெனவே இருந்ததே, அது முளைக்க மூன்று வாரம் ஆகியிருக்கும். ஆகவே நகத்தில் அடிபட்டது படம் எடுப்பதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு. அப்போது புது ஷூ வாங்கினாரா, மலை ஏறினாரா என்று யோசித்தால் மறந்துபோன காரணம் நினைவுக்கு வரக்கூடும். தோல் மருத்துவர்களும் இந்தச் சோதனையைத்தான் செய்கிறார்கள். கறையின் விளிம்பில் தகட்டில் சின்னக் கீறல் போட்டு அனுப்பிவிட்டு, அடுத்த முறை கீறலும் கறையும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.

இப்போது அதே விரலில் வேறொரு காட்சி. கறுப்பு, அடித்தோலிலிருந்து நுனிவரை நீளும் பட்டை. இரண்டு மாதத்தில் எதுவும் நகரவில்லை. அவர் ஸ்கேலை இம்முறை குறுக்கே வைக்கிறார். நுனியில் பட்டையின் அகலம் 3 மி.மீ. அடியில் 4 மி.மீ.

இந்த 1 மி.மீ. வித்தியாசம் எனக்கு நகத்தைப் பற்றித் தெரிந்தவற்றிலேயே வியப்பான செய்தி. நுனியில் இருக்கும் நகம் எப்போது நெய்யப்பட்டது? 18 மி.மீ. தூரத்தை மாதத்துக்கு 1.5 மி.மீ. வீதம் கடந்திருக்கிறது, அதாவது ஒரு வருடத்துக்கு முன்பு. அடியில் இருப்பதோ அண்மையில் நெய்யப்பட்டது. ஆகவே சென்ற வருடம் 3 மி.மீ. அகலமாக இருந்த நிறமிச் செல் கூட்டம் இப்போது 4 மி.மீ. ஆகியிருக்கிறது. நகவேர் தோல்மடிப்புக்குள் மறைந்திருந்தாலும், அங்கே ஏதோ பரவுகிறது என்பதை நகம் வெளியே கொண்டுவந்து காட்டிவிடுகிறது. பட்டை இரு முனையிலும் ஒரே அகலமாக இருந்திருந்தால் ஒரு வருடமாக அகலம் மாறவில்லை என்று பொருள். அடி அகன்று நுனி குறுகி முக்கோணம் போல இருந்தால், இரண்டாவது படம் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வருடத்தின் படங்கள் அந்த ஒரே நகத்தில் வரிசையாக இருக்கின்றன. அவர் அந்த வாரமே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஹட்சின்சன் கண்ட கறை

நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா. அது நகவேரிலும் வரும். பொதுவாக மெலனோமா என்றால் வெயிலும் வெள்ளைத் தோலும்தான் நினைவுக்கு வரும். நகத்தில் வருவதற்கு வெயிலோடு பெரிய தொடர்பில்லை. எல்லா இனத்தவருக்கும் அது ஏறத்தாழ ஒரே அளவில், அதாவது மிக அரிதாக, வருகிறது. வெள்ளையரிடம் மற்ற மெலனோமாக்கள் மிகுதி என்பதால் அவர்களில் நக மெலனோமா சிறு பங்கு. நம்மிடம் மற்றவை குறைவு என்பதால் இதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது. கருத்த தோல் நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை இந்த ஓர் இடத்தில் உதவாது.

லண்டன் அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 1886-இல் இதைப் பற்றி எழுதினார். நகச்சுற்று என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த விரல்களில் உண்மையில் வளர்ந்துகொண்டிருந்தது இந்தப் புற்று என்று அவர் கண்டார். அவர் கவனித்த அடையாளம், கருமை நகத்தோடு நிற்காமல் சுற்றியுள்ள தோலுக்கும் கசிந்து பரவுவது. அடித்தோலிலோ விரல் நுனித் தோலிலோ மை தடவியதுபோல நிறம் தெரிந்தால் அது இன்றும் அவர் பெயரால் ஹட்சின்சன் குறி எனப்படுகிறது. ஏமாற்றும் போலிக்குறியும் உண்டு. நகத்தை மூடும் மெல்லிய தோல் கண்ணாடிபோல் இருந்தால், அடியில் உள்ள கருமை அதன் வழியே தெரிந்து, தோலே கறுத்ததுபோல் தோன்றும். தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற ஒளியுள்ள உருப்பெருக்கியை வைத்து இரண்டையும் பிரிப்பார். ஹட்சின்சன் இன்னொன்றும் சொன்னார்: இந்தப் புற்று பல சமயம் கறுப்பாகவே இருப்பதில்லை. நிறமில்லாத, ஆறாத, நீர் வடியும் புண்ணாகவும் அது வரலாம்.

ரெக்கே இசைக் கலைஞர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்பந்தாட்டத்தின்போது வலது கால் பெருவிரலில் அடிபட்டது. புண் ஆறாததால் சோதித்தபோதுதான் நகத்தடியில் மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் தன் ரஸ்தஃபாரி நம்பிக்கையின் காரணமாக ஏற்கவில்லை. நகத்தையும் அடியிலிருந்த திசுவையும் மட்டும் அகற்றி வேறு இடத்துத் தோலை ஒட்டினார்கள். நோய் பரவி, 1981 மே 11 அன்று மயாமியில் அவர் இறந்தபோது வயது 36. அடிபட்டது என்ற ஞாபகம் இருப்பதாலேயே கறுப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட முடியாது. புற்றுள்ள இடமும் இடிபடும். புற்றிலிருந்தும் ரத்தம் கசியும். ரத்தக்கறை என்று முடிவானாலும் அது கணக்குப்படி நகர்ந்து வெளியேறுகிறதா என்று கடைசிவரை பார்ப்பது அதற்காகத்தான்.

எச்சரிக்கும் அடையாளங்கள் இவை: ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக வந்த கோடு, ஒரே ஒரு விரலில் மட்டும், அதுவும் கட்டைவிரல், பெருவிரல், ஆள்காட்டி விரலில், 3 மி.மீ.க்கு மேல் அகலம், விளிம்பு கலங்கி, கோட்டுக்குள்ளேயே பழுப்பும் கறுப்பும் கலந்து. மாதங்களில் மாறுவது, நகம் பிளவுபடுவது. குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா. இவற்றில் எது இருந்தாலும் அளவெடுத்துக் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளின் நகத்தில் கோடு தோன்றினால் பார்ப்பதற்குச் சில சமயம் பெரியவர்களுடையதைவிட மிரட்டலாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது நகவேரில் பிறந்த மச்சம். சிலருக்குத் தானே மங்கிவிடும். மருத்துவர்கள் அவர்களைக் கத்தியின்றிக் கண்காணிப்பதையே விரும்புகிறார்கள்.

வெட்டிய நுனியில் ஒரு வரைபடம்

சந்தேகம் தீராவிட்டால் நகவேரிலிருந்து துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நகவேரின் எந்த இடத்திலிருந்து? கைபட்ட இடத்தில் வடு விழும். அந்த வடு நகம் உள்ளவரை நகத்தில் தெரியக்கூடும். மருத்துவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது.

நகவேரின் பின்பாதி தகட்டின் மேலடுக்குகளை நெய்கிறது. முன்பாதி, அதாவது பிறையாகத் தெரியும் பக்கம், அடியடுக்குகளை நெய்கிறது. ஆகவே வளர்ந்த நகத்தின் நுனியை நேரெதிரே வைத்து, டெர்மோஸ்கோப்பால் அதன் கனத்தைப் பார்த்தால் போதும். கருமை அடியடுக்கில் இருந்தால் மூலம் முன்பாதியில். மேலடுக்கில் இருந்தால் பின்பாதியில். நகத்தை வெட்டி, மெலனினைக் கறுப்பாக்கிக் காட்டும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வெட்டி எறியும் நகத்துணுக்கு, மறைந்திருக்கும் நகவேரின் வரைபடமாகிவிடுகிறது.

இடம் தெரிந்தபின் விரலை மரக்கவைத்து, தோல்மடிப்பை ஒதுக்கி, தகட்டைத் தூக்கி, கருமை பிறக்கும் புள்ளியிலிருந்து சில மி.மீ. அகலத் துணுக்கை எடுக்கிறார்கள். புற்று இன்னும் மேலடுக்கைத் தாண்டாத நிலையில் பிடிபட்டால், நகத்தையும் நகவேரையும் மட்டும் முழுமையாக எடுத்துத் தோல் ஒட்டி, விரலைக் காப்பாற்றிவிட முடியும். துணுக்கு வெறும் மச்சம் என்று வந்தால், மிச்சம் இருப்பது வடு ஒன்றுதான். முன்பாதியில் எடுத்திருந்தால் தகட்டின் அடிப்புறம் சற்று மெலியும், மேற்பரப்பு வழவழப்பாகவே வரும். பின்பாதியில் எடுத்திருந்தால் மேற்பரப்பில் நீளவாக்கில் ஒரு பள்ளமோ வெடிப்போ நிலைத்துவிடலாம். அதனால்தான் நல்ல மருத்துவர் ஊசியைக் கையில் எடுக்கும் முன் நகத்தின் நுனியை அவ்வளவு நேரம் பார்க்கிறார்.